பசுமைத் தேரும் கன்றுக்குட்டியும்



சென்ற மாதம் நம் சனிக்கிழமை வகுப்பில் மனுநீதிச் சோழன் கதை ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. சொல்கிற எனக்கே கொஞ்சம் அலுப்புதான். பாதிக் கதையில் பொருளாளர் அங்கிள் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "பிள்ளைங்களா, நல்ல செய்தி. மண்டபக் கூரையில சோலார் போடப் போறோம். அன்பர் ஒருத்தர் பாதிக் காசு தர்றேன்னு சொல்லிட்டார். இனிமே நம்ம கோயில் பசுமைக் கோயில்!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஒருத்தி மட்டும் தட்டவில்லை. குவாந்தானிலிருந்து இங்கே படிக்க வந்திருக்கும் தங்கை. ஏன்மா என்று கேட்டேன். "அக்கா, பசுமைன்னு சொல்லிட்டா எல்லாமே நல்லதாயிடுமா? எங்க ஊர்ப் பக்கம் ஒரு ஆலை இருக்கு. மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் வேணும்கிற பொருளை அங்கதான் பிரிச்சு எடுக்குறாங்க. ஊர்ல பாதி பேர் அதப் பாத்துப் பயப்படுறாங்க. மீதி பேர்ல சிலருக்கு அங்கதான் வேலை. யார் சொல்றது சரின்னு எனக்கு இன்னும் தெரியல" என்றாள்.

எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. "அடுத்த வாரம் பேசலாம்மா" என்று சொல்லி மழுப்பிவிட்டேன். அடுத்த வாரமும் வந்தது, மாதமும் போய்விட்டது. அவளுக்குக் கொடுக்க வேண்டிய பதிலைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. பருவநிலை மாற்றம் கட்டுக்கதை இல்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதை நிறுத்தத்தான் வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்தவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். நாடு முழுக்க 50 பேருக்கு மேல் இறந்தார்கள். சேதம் 610 கோடி ரிங்கிட் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னது. அன்று குளிர்சாதன அறையில் இருந்து செய்தி பார்த்தவருக்கும், இடுப்பளவு தண்ணீரில் பிள்ளையைத் தோளில் தூக்கி நின்றவருக்கும் ஒரே மழைதான் பெய்தது. இழந்தது ஒரே அளவா? புவி சூடாவதில் யாருக்குப் பங்கு குறைவோ அவர்கள்தான் முதலில் நனைகிறார்கள். அதனால் பசுமைத் தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்பது இந்தப் பாடத்தின் கேள்வி இல்லை. வேண்டும். அது யார் மேல் ஏறி வருகிறது என்பதுதான் கேள்வி.

புக்கிட் மேரா

மின்சாரக் காரின் மோட்டாருக்குள் பெரும்பாலும் ஒரு காந்தம் இருக்கும். சாதாரணக் காந்தம் இல்லை. நியோடிமியம் என்ற தனிமம் கலந்தது. ஒரு காருக்கு ஒன்று இரண்டு கிலோ போதும். கடலில் நிற்கும் பெரிய காற்றாலைகளில் பல்சக்கரம் இல்லாமல் நேரடியாகச் சுழலும் வகைக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 600 கிலோ காந்தம் வேண்டும். நியோடிமியம் மாதிரி 17 தனிமங்களைச் சேர்த்து அரிய மண் என்கிறார்கள். பெயர்தான் அரிய மண். உண்மையில் அவ்வளவு அரியவை இல்லை. உலகத்தில் பல இடங்களில் கிடக்கின்றன. அரியது என்னவென்றால், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து எடுக்கும் வேலையைத் தன் ஊரில் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் ஊர். ஏனென்றால் அந்தத் தாதுவில் பெரும்பாலும் தோரியமும் கலந்திருக்கும். தோரியம் கதிரியக்கப் பொருள். நியோடிமியம் ஏற்றுமதியாகும், தோரியம் கழிவாகத் தங்கும்.

இது நம் நாட்டுக்குப் புதிய பாடம் இல்லை. ஈப்போ பக்கத்துத் தம்பி தங்கைகள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். லாஹாட் பக்கம் புக்கிட் மேரா என்ற புதுக்கிராமம். கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த பிறகு மிஞ்சும் மணலை அமாங் என்பார்கள். அந்த அமாங்கில் மோனசைட் என்ற தாது இருந்தது. அதிலிருந்து அரிய மண்ணைப் பிரிக்க 1979இல் ஏசியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. ஜப்பானிய மிட்சுபிஷி கெமிக்கல் அதில் பெரும் பங்குதாரர்களில் ஒன்று. 1982இல் ஆலை ஓடத் தொடங்கியது. அந்தக் காலத்தில் பசுமை என்று யாரும் பேசவில்லை. கலர் டிவியில் சிவப்பு நிறம் பளிச்சென்று தெரிய இந்தத் தனிமங்கள் தேவைப்பட்டன.

கழிவை எங்கே கொட்டுவது? ஆலை ஓட ஆரம்பித்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு இடம் தேடினார்கள். பாரிட் என்ற ஊரைப் பார்த்தார்கள், மக்கள் எதிர்த்தார்கள். பாப்பான் என்ற ஊரைப் பார்த்தார்கள், அங்கேயும் 1984இல் மக்கள் திரண்டு தடுத்தார்கள். 1985 பிப்ரவரியில் புக்கிட் மேரா மக்கள் 8 பேர், தங்களுக்காகவும் ஊரில் இருந்த சுமார் 10,000 பேருக்காகவும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். சாதாரண ஜனங்கள். 1987 அக்டோபரில் நடந்த லாலாங் நடவடிக்கையில் இந்தப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற சிலரும் விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கப்பட்டார்கள். வழக்கு மட்டும் நிற்கவில்லை. 1992 ஜூலை 11ஆம் தேதி நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 14 நாளில் ஆலையை மூடு என்றது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. கதிரியக்கம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தது என்ற வல்லுநர் சாட்சியத்தை ஏற்றது. உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் அணுசக்தி உரிம வாரியத்திடம் இருக்கிறது, முதலில் அங்கே போயிருக்க வேண்டும் என்றும் சொன்னது. வழக்கில் வென்ற நிறுவனம் அடுத்த மாதமே, 1994 ஜனவரியில், ஆலையை மூடுவதாக அறிவித்தது. பல ஆண்டு கழித்து அந்த இடத்தைச் சுத்தம் செய்ய ஆன செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் என்று செய்தி வந்தது. கழிவு இன்று கிளெடாங் மலைப் பக்கம் புதைக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்த இரத்தப் புற்றுநோயைப் பற்றியும், குறையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றியும் ஊரார் சொன்னது இன்றும் பதிவில் இருக்கிறது. நோய்க்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பது நிறுவனத்தின் நிலை. ஆனால் அங்கே உள்ள பள்ளிக்கு நன்கொடை கொடுத்தது.

இந்த இடத்தில் நம் கதைக்குத் திரும்புவோம்.

மணி அடித்த பசு

சோழன் மகன் தேரில் போகிறான். கெட்ட பையன் இல்லை. கன்றைக் கொல்ல வேண்டும் என்று ஏறவும் இல்லை. கன்று எங்கிருந்தோ துள்ளி வந்து சக்கரத்தில் மாட்டிக்கொள்கிறது. தாய்ப்பசு அரண்மனைக்குப் போய் மணியை அசைக்கிறது. இந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரியும். இதற்குப் பிறகு பெரிய புராணத்தில் வரும் ஒரு பேச்சைப் பலர் கவனிப்பதில்லை. நானும் கவனித்ததில்லை, இந்தப் பாடத்துக்காக மறுபடி படிக்கும்வரை.

அமைச்சர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? அரசே, வருந்தாதீர்கள், பசுவைக் கொன்ற பாவத்துக்குப் பிராயச்சித்தம் இருக்கிறது, வேதம் அறிந்தவர்கள் விதித்தபடி மகனைச் செய்ய வைத்தால் போதும் என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அது தவறான யோசனைகூட இல்லை. சாஸ்திரத்தில் இருக்கிற வழி. ஆனால் அரசன் ஏற்கவில்லை. அந்தப் பரிகாரம் கன்றை இழந்து அலறும் பசுவின் துயரத்துக்கு மருந்தாகுமா என்று கேட்கிறான். இன்னொருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைத் தண்டிப்பேன், என் மகன் கொன்றால் பரிகாரம் செய்து விட்டுவிடுவேனா என்றும் கேட்கிறான்.

பள்ளிக்குக் கொடுத்த நன்கொடையைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த அமைச்சர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். இன்றைக்குப் பெரிய நிறுவனங்கள் கார்பன் கிரெடிட் வாங்குகின்றன. ஓரிடத்தில் புகை விட்டுவிட்டு வேறெங்கோ மரத்துக்குக் காசு கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமாம். பிராயச்சித்தம் முழுக்க வீண் என்று நான் சொல்ல வரவில்லை. மரம் நட்டால் நல்லதுதான். ஆனால் பிராயச்சித்தம் செய்தவனுடைய கணக்கு அது. பசுவின் கணக்கு தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதக் கூடாது.

கதை முடிவில் வீதிவிடங்கப் பெருமான் காட்சி கொடுக்கிறார். கன்றும் இளவரசனும் அமைச்சனும் உயிரோடு எழுகிறார்கள். திருவாரூர்க் கோயிலருகே அந்தக் கல்தேர் இன்றைக்கும் நிற்கிறது. புக்கிட் மேராவில் அப்படி யாரும் எழுந்து வரவில்லை.

சரி, குவாந்தான் தங்கையின் கேள்விக்கு வருவோம். கெபெங்கில் இருப்பது லைனாஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் ஆலை. தாது மேற்கு ஆஸ்திரேலியாவின் மவுண்ட் வெல்ட் சுரங்கத்திலிருந்து கப்பலில் வருகிறது. 2012 கடைசியில் ஆலை ஓடத் தொடங்கியது. அதே நவம்பரில் ஹிம்புனான் ஹிஜாவ் இயக்கத்தார் குவாந்தானிலிருந்து கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கம் வரை சுமார் 300 கிலோமீட்டர், 13 நாள் நடந்தே வந்தார்கள்.

நியாயமாகப் பேச வேண்டும். இது புக்கிட் மேரா இல்லை. இந்தத் தாதுவில் தோரியத்தின் அளவு மோனசைட் மணலில் இருந்ததைவிட மிகக் குறைவு. 2011இல் அனைத்துலக அணுசக்தி முகமையின் வல்லுநர்கள் வந்து பார்த்து, அனைத்துலகப் பாதுகாப்பு விதிக்கு மாறாக எதையும் காணவில்லை என்றார்கள். ஆனால் அவர்களே, ஆலையை ஓட விடுவதற்கு முன் கழிவை நீண்ட காலத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று திட்டம் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். நடந்தது என்ன? 2020இல் உரிமத்தைப் புதுப்பித்தபோதுதான் நிரந்தரக் கிடங்கு வேலையை ஓராண்டுக்குள் தொடங்கு, கதிரியக்கக் கழிவு உண்டாகும் முதல் கட்ட வேலையை 2023க்குள் நாட்டுக்கு வெளியே கொண்டுபோ என்று கெடு வைத்தார்கள். 2023 அக்டோபரில் அந்தக் கெடுவும் 2026 மார்ச் வரை தளர்ந்தது. இதற்கிடையில் லட்சக்கணக்கான டன் கழிவு சேர்ந்துவிட்டது.

தோரியத்தின் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டு. அதாவது அவ்வளவு காலம் போனால்தான் அதில் பாதி வேறொன்றாக மாறியிருக்கும். நம் கணக்கில் பிரம்மாவின் ஒரு பகல், ஒரு கல்பம், 432 கோடி ஆண்டு. வகுப்பில் கல்பக் கணக்கைச் சொன்னால் சிரிப்பீர்களே, "யாருக்கா அவ்வளவு நாள் இருக்கப் போறா?" என்று! தோரியம் இருக்கும். மூன்று கல்பத்துக்கு மேல் ஆனாலும் பாதி மிச்சம் இருக்கும். (இதைக் கேட்டு ரொம்பவும் மிரள வேண்டாம். அரை ஆயுள் இவ்வளவு நீளம் என்றால் கதிர் மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று பொருள். தூசியாகி மூச்சிலும் தண்ணீரிலும் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். அந்தப் பார்த்துக்கொள்ளும் வேலையை எத்தனை தலைமுறைக்கு, யார் செய்வது என்பதுதான் வில்லங்கம்.)

அப்படியென்றால் அந்த ஆலையை மூடச் சொல்ல வேண்டுமா? தங்கையிடம் இதைப் பேசியபோது நானே கேட்டேன்: "உங்க ஊர்ல வேணாம்னா வேற யார் ஊர்லம்மா?" உலகத்தின் அரிய மண் சுத்திகரிப்பில் மிகப் பெரும் பங்கு சீனாவில் நடக்கிறது. சீனாவுக்கு வெளியே பெரிய உற்பத்தியாளர் கெபெங்தான். இங்கே மூடினால் உள்மங்கோலியாவில் பாவ்தோவ் பக்கத்து உழவர்கள் மேலோ, மியன்மார் கச்சின் மலையில் சட்டம் எட்டாத சுரங்கங்களின் கீழே வாழ்பவர்கள் மேலோ அந்தச் சுமை கூடும். அவர்களுக்கு வழக்குப் போடக்கூட வழி இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா கழிவை யார் பொருளை வாங்குறாங்களோ அவங்களும் சேர்ந்து பாத்துக்கணும்க்கா. எங்க ஊரு மட்டும் ஏன் காவல் காக்கணும்?" என்றாள். பொருளாதாரம் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இந்தப் பிள்ளை ஒரு வரியில் சொல்லிவிட்டாள் என்று எனக்குப் பட்டது.

மணி எங்கே இருக்கிறது?

அரசனின் தண்டனையைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு அந்த மணியைப் பற்றிப் பேசுவதில்லை. பேச வாயில்லாத ஒரு பசு வந்து அசைக்கக்கூடிய உயரத்தில், வாசலிலேயே அது தொங்கியது. எனக்கு அதுதான் கதையின் நடு. தேர் ஓடலாம். ஆனால் அதில் அடிபடுபவர் கைக்கு எட்டும் இடத்தில் மணி இருக்க வேண்டும். புக்கிட் மேரா மக்களிடம் எட்டு ஆண்டுக்குப் பிறகு, நீங்கள் அடித்திருக்க வேண்டிய மணி இது இல்லை என்று சொன்னார்களே, அதை மறுபடி படியுங்கள்.

சரவாக்கில் பாக்கூன் அணை இன்னொரு கதை. 205 மீட்டர் உயரம், 2,400 மெகாவாட். நிலக்கரி இல்லை, புகை இல்லை. புதுப்பிக்கத்தக்க எரிசக்திப் பட்டியலில் முதல் இடத்தில் போடுவார்கள். அதன் நீர்த்தேக்கம் சுமார் 700 சதுர கிலோமீட்டர் காட்டை மூழ்கடித்தது. கிட்டத்தட்ட சிங்கப்பூர் அளவு. சிங்கப்பூரில் இருந்து இதைப் படிக்கும் தம்பி தங்கைகள் தீவை ஒரு தரம் மனத்தில் சுற்றிப் பாருங்கள். தீவில் கோயில் இருக்கிறது, பள்ளி இருக்கிறது, தாத்தா பாட்டியைத் தகனம் செய்த இடம் இருக்கிறது. அந்தக் காட்டிலும் கயான், கென்யா, லஹானான், உக்கிட், பெனான் மக்களுக்கு அதெல்லாம் இருந்தது. சுமார் 10,000 பேர் 1998 முதல் சுங்கை ஆசாப் என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். ஆற்றையும் காட்டையும் நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நிலம். மின்சாரம் 2011இல் வந்தது. அதில் பெரும் பங்கு கடலோரத்து ஆலைகளுக்குப் போகிறது. சரவாக்கின் நீர் மின்சாரத்தைக் கடலடிக் கம்பி வழியாகச் சிங்கப்பூர் வாங்கும் திட்டமும் பேச்சில் இருக்கிறது. வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு ஏ.சி. அந்த ஆற்றில் ஓடும் நாளில் அந்த ஆற்றங்கரை மக்களுக்கு நாம் யார்? இதற்கு ஒரு பதில் நம்மிடம் இருக்க வேண்டாமா?

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் யக்ஞத்தைப் பற்றிச் சொல்லும் இடம் உண்டு. கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்காமல் தானே அனுபவிப்பவனைத் திருடன் என்றே சொல்லிவிடுகிறார். சின்ன வயதில் அது யாக குண்டத்துக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன்.

மணி எட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் சரவாக்கிலேயே சாட்சி இருக்கிறது. பாரம் ஆற்றில் 1,200 மெகாவாட் அணை கட்டத் திட்டம் போட்டார்கள். ஏறக்குறைய 20,000 பேர் இடம் மாற வேண்டியிருந்தது. 2013 அக்டோபரில் ஊர் மக்கள் சாலையில் தடுப்புப் போட்டு உட்கார்ந்தார்கள். கிழவிகள் அடுப்பைக் கொண்டுவந்து வைத்து, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். 2016இல் மாநில அரசாங்கம் கையகப்படுத்திய நிலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அணை வரவில்லை. அதனால் சரவாக் இருண்டும் போகவில்லை.

நம் வீட்டுக்குள்ளேயும் ஒரு கதை உண்டு. செம்பனை எண்ணெய் கலந்த பயோடீசலையும் பசுமை எரிபொருள் என்கிறார்கள். 2019லிருந்து நம் லாரிகள் ஓடும் டீசலில் 10 விழுக்காடு செம்பனைதான். என் பாட்டி ஒரு தோட்டத்தில் மருந்து அடித்தவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம். முதுகில் தகரப் பீப்பாய், கையில் கம்பி, முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. அவர் அடித்த மருந்தில் பராகுவாட்டும் ஒன்று. நகம் கறுத்து விழுந்து, மறுபடி கோணலாக முளைத்திருந்தது. நான் சிறுமியாக இருந்தபோது அந்த விரலைப் பிடித்து விளையாடியிருக்கிறேன். ஏன் இப்படி என்று கேட்டால், "வேல செஞ்ச கையி ஆத்தா" என்பார். 2002இல் அரசாங்கம் பராகுவாட்டைத் தடுக்கப் போவதாகச் சொன்னது, 2006இல் தளர்த்தியது, முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. பாட்டி அதைப் பார்க்கவில்லை. இப்போது அந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நம் கை வெளியே வந்துவிட்டது. அந்த இடத்தில் வேறொரு கை இருக்கிறது.

அடுத்தது, பயன் யாருக்குப் போகிறது. 2025 கடைசி வரை நம் நாட்டில் இறக்குமதி மின்சாரக் காருக்கு வரிவிலக்கு இருந்தது, சாலை வரியும் இல்லை. அதே நேரம் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவான விலையில் அந்த இறக்குமதிக் கார்களை விற்க அனுமதி இல்லை. அப்படியென்றால் அந்த வரிவிலக்கு யார் வீட்டு வாசலில் போய் நின்றது? பி.பி.ஆர். அடுக்குமாடியில் இருக்கும் அக்காவுக்குச் சோலார் போடச் சொந்தக் கூரையே கிடையாது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் தம்பிக்கு அந்தக் கார் கனவிலும் வராது. ஆனால் வெள்ளம் வந்தால் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான். கார் வாங்கியவரை நான் குறை சொல்லவில்லை, என் அண்ணனே ஒன்று வைத்திருக்கிறார். தீபாவளிக்குப் போனால் முழு நேரமும் அதைப் பற்றித்தான் பேச்சு! நான் அவரிடம் சொன்னது இதுதான்: இரண்டு கிலோ காந்தம் ஒரே ஆளைச் சுமந்துபோகிறது. பேருந்திலும் எல்.ஆர்.டி.யிலும் போட்டால் அதே மாதிரிப் பொருள் ஒரு நாளைக்கு எத்தனை பேரைச் சுமக்கும்? தோண்டி எடுப்பது குறைந்தால் கொட்டுவதும் குறையும். அவர் சிரித்துவிட்டு, "எங்க தாமானுக்கு பஸ் வரட்டும், அப்புறம் பேசு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டு போய்ப் போன வாரம் பொருளாளர் அங்கிளைப் பார்த்தேன். திட்டுவார் என்று பயம்தான். நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று சொல்லிவிட்டால்? அவர் முழுவதையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ சோலார் வேணாம்னு சொல்றியாம்மா?" என்றார். "இல்ல அங்கிள், போடலாம். கேட்டுட்டுப் போடலாம்" என்றேன்.

கேட்க வேண்டியவற்றை வகுப்புப் பிள்ளைகளே உட்கார்ந்து எழுதினார்கள். தகடு எந்த நாட்டில், எந்த ஆலையில் செய்தது? சோலார் தகட்டுக்கு வேண்டிய பாலிசிலிக்கானில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அதில் ஒரு பகுதி சின்ஜியாங்கில் உண்டாகிறது. அங்கே உய்குர் மக்களிடம் கட்டாய வேலை வாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் அமெரிக்கா 2021இல் தனிச் சட்டமே போட்டது. சீனா மறுக்கிறது. 25 ஆண்டு கழித்துத் தகடு பழையதானால் யார் வந்து எடுத்துப் போவார்கள்? அப்போது இந்தப் பொருளாளர் அங்கிள் இருக்க மாட்டார் என்று ஒரு பையன் சொல்ல, அங்கிள் அவனை முறைத்தார். மின்கட்டணத்தில் மிச்சமாகும் காசு எங்கே போகும்? கோயிலுக்குப் பின்னால் உள்ள அடுக்குமாடிப் பிள்ளைகளின் டியூஷனுக்கு ஒரு பங்கு தரலாமா? கடைசிக் கேள்வியை எழுதியது பத்து வயதுப் பையன்: மண்டபத்து ஏ.சி.யை ஏன் 18இல் வைக்கிறீர்கள்? கல்யாணத்துக்கு வந்த பாட்டிகள் எல்லாம் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே!

ஏ.சி. இப்போது 25. மண்டபத்தின் பழைய மஞ்சள் விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. வாங்கச் செயலவை ஒப்புக்கொண்டது. தகடு பற்றி மூன்று குத்தகையாளர்களுக்குக் கடிதம் அனுப்பினோம். ஒருவர் ஆலையின் பெயரோடு பதில் எழுதியிருக்கிறார். பழைய தகட்டைத் திரும்ப எடுப்பதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை, மறுபடி கேட்டிருக்கிறோம். ஒருவர், "இதுவரைக்கும் எந்தக் கோயிலும் இப்படிக் கேட்டதில்லையே" என்று ஃபோனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மூன்றாமவரிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. பாதிக் காசு தருவதாகச் சொன்ன அன்பர், தைப்பூசத்துக்குள் முடிய வேண்டும் என்று அவசரப்படுகிறாராம். அவரையும் ஒரு சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்திருக்கிறோம். கடிதப் போக்குவரத்தை எல்லாம் கோப்பில் வைத்துப் பார்த்துக்கொள்வது குவாந்தான் தங்கைதான்.

அடுத்த வகுப்புக்கு வருகிறவர்கள் பெரிய புராணத்தில் திருநகரச் சிறப்பைப் படித்துவிட்டு வாருங்கள். அமைச்சர்கள் பேசும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். வீட்டு மின்கட்டண ரசீது ஒன்றையும் கையோடு எடுத்து வாருங்கள், அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டு.